பெட்ரோலில் பிறக்கும் தண்ணீர்

கழற்றிய சைலன்சரை வாசல் படியில் சாய்த்து வைத்ததும் அதன் வாயிலிருந்து தேநீர் நிறத்தில் தண்ணீர் வழிந்தது. ஒரு டம்ளர் இருக்கும். சிமெண்டுத் தரையில் கோடாக ஓடி, செம்பருத்திச் செடிக்குக் கட்டிய பாத்தியில் போய் நின்றது. பின்னாலேயே துருத்தூள் ஈரச் செம்மண் போலக் கட்டி கட்டியாக விழுந்தது.

“மழைத் தண்ணியாப்பா?” என்று கேட்டாள் மகள். பிளஸ் ஒன் படிக்கிறாள். ஸ்பேனர் எடுத்துக் கொடுக்க வந்தவள், காலையிலிருந்து என்னுடனேயே இருந்தாள்.

“மழை பெஞ்சு ரெண்டு மாசம் ஆச்சேம்மா.”

“அப்ப கார் கழுவுனப்ப உள்ள போயிருக்கும்.”

கழுவுகிற தண்ணீர் அவ்வளவு தூரம் உள்ளே ஏறாது. அந்தத் தண்ணீர் வெளியிலிருந்து வந்ததே இல்லை. அதிலிருந்த ஹைட்ரஜன் நாங்கள் பங்க்கில் போட்ட பெட்ரோலில் இருந்தது. ஆக்சிஜன் தூத்துக்குடிக் காற்றில் இருந்தது. இரண்டும் எங்கள் காரின் சிலிண்டருக்குள் தீயாகச் சேர்ந்து தண்ணீராக வெளியே வந்திருக்கின்றன.

பெட்ரோல் ஒரே பொருள் அல்ல. கார்பனும் ஹைட்ரஜனும் சங்கிலியாகவும் வளையமாகவும் கோத்துக்கொண்ட பல சேர்மங்களின் கலவை அது. கணக்குக்காக அவற்றில் ஒன்றான ஆக்டேனை எடுத்துக்கொள்வோம். ஒரு மூலக்கூறில் 8 கார்பன், 18 ஹைட்ரஜன். முழுதாக எரிந்தால் அந்த 8 கார்பனும் 8 கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறுகளாகும். 18 ஹைட்ரஜனும் இரண்டிரண்டாகப் பிரிந்து 9 தண்ணீர் மூலக்கூறுகளாகும். எடையில் பார்த்தால் 114 கிராம் ஆக்டேன் எரிந்து 162 கிராம் தண்ணீர் கிடைக்கிறது. எரிந்ததைவிடக் கிடைத்தது அதிகமாக இருப்பதற்குக் காரணம், காற்றிலிருந்து வந்து சேரும் ஆக்சிஜனின் எடை.

பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் ஹைட்ரஜனின் பங்கு ஆக்டேனைவிடக் கொஞ்சம் குறைவு. அதையும் கணக்கில் எடுத்தால், ஒரு லிட்டர் பெட்ரோலிலிருந்து ஏறக்குறைய 900 கிராம் தண்ணீர் பிறக்கிறது. எத்தனால் கலந்த பெட்ரோலாக இருந்தாலும் கணக்கு பெரிதாக மாறுவதில்லை. 30 லிட்டர் நிரப்பிக்கொண்டு கிளம்புகிற கார் அந்த டேங்க் காலியாவதற்குள் கிட்டத்தட்ட இரண்டு குடம் தண்ணீரை வழியெல்லாம் விட்டுச் செல்கிறது. நம் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான், ஆவியாகப் போய்விடுகிறது.

ஆவியாகப் போகும்வரை யாருக்கும் கேடில்லை. எரிந்து வெளியேறும் வாயுவில் எட்டில் ஒரு பங்கு நீராவி. அந்த அளவு ஈரம் உள்ள வாயு, 50 டிகிரியை ஒட்டிய வெப்பநிலைக்குக் கீழே உள்ள எந்த உலோகத்தைத் தொட்டாலும் அங்கே பனித்துவிடும். இட்லிப் பானை மூடியின் உட்புறம் முத்து முத்தாகத் தண்ணீர் கோர்ப்பது இதே விதியால்தான். இன்ஜினை விட்டு வெளியேறும்போது வாயு பல நூறு டிகிரி சூட்டில் இருக்கும். அங்கிருந்து காரின் அடிவயிறு நெடுக ஓடும் குழாயில், போகப் போகச் சூடு இறங்குகிறது. கடைசியாகப் பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் தொங்கும் பெரிய டப்பாவுக்கு வந்து சேர்கிறது. அதுதான் சைலன்சர். பட்டறைகளில் ‘டப்பா’ என்றே சொல்கிறார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். இருக்கிற உலோகத்தில் சூடாவதற்கு அதிக நேரம் எடுப்பது அந்த டப்பாதான்.

எங்கள் வீட்டிலிருந்து மகளின் பள்ளிக்கு 2 கிலோமீட்டர், சந்தைக்கு ஒன்றரை. கார் வாங்கியதிலிருந்து அது ஓடிய ஓட்டத்தில் பெரும்பகுதி இப்படித்தான். ஐந்து நிமிடம் ஓடும், நிற்கும். இன்ஜின் சூடாகிவிடும், டப்பா வெதுவெதுப்பைத் தாண்டாது. உள்ளே வந்த நீராவி அதன் சுவரில் படிந்து அடியில் தேங்கும். நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டியிருந்தால் டப்பா நன்றாகச் சூடேறி, தேங்கியதெல்லாம் கொதித்து வெளியேறியிருக்கும். வாரம் முழுவதும் நாங்கள் அதைச் சூடேற விடவில்லை. குறைவாக ஓட்டிய கார் புதிதாகவே இருக்கும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். இன்ஜினைப் பொறுத்து அது எப்படியோ, சைலன்சரைப் பொறுத்து நேர்மாறு. ஒரே வயதுள்ள இரண்டு கார்களில், தினமும் திருநெல்வேலி போய்வந்த காரின் டப்பாதான் பெரும்பாலும் நெடுநாள் இருக்கும்.

தேங்குவது வெறும் தண்ணீராக இருந்தாலும் இரும்பு துருப்பிடிக்கும். இதுவோ வெறும் தண்ணீரும் அல்ல. கார்பன் டை ஆக்சைடு கரைந்து கார்பானிக் அமிலம், நைட்ரஜன் ஆக்சைடுகளால் நைட்ரிக் அமிலம், எரிபொருளில் மிஞ்சியிருக்கும் சொற்பக் கந்தகத்தால் கந்தக வகை அமிலங்கள் என எல்லாம் சிறிது சிறிதாகக் கலந்திருக்கும். கார் நின்று தண்ணீர் மெல்ல வற்றும்போது அமிலத்தின் செறிவு ஏறும். மறுநாள் காலை புதுத் தண்ணீர் சேரும். ஈரம், காய்ச்சல், மறுபடி ஈரம் என்று மாறி மாறி வருவதைப் போல இரும்பை அரிப்பது வேறில்லை.

காரை வடிவமைப்பவர்களுக்கு இதெல்லாம் தெரியும். அதனால் பல டப்பாக்களின் அடியில், ஆகத் தாழ்வான இடத்தில், இரண்டு மூன்று மில்லிமீட்டரில் ஒரு துளை விடுகிறார்கள். தேங்கும் நீர் வடிவதற்கான துளை. இரண்டு வருடத்துக்கு முன் அந்தத் துளையில் ஈரம் கசிவதை நான் பார்த்தேன். ஓட்டை விழுந்துவிட்டது என்று எண்ணி, சூடு தாங்கும் பசையை வாங்கி வந்து கவனமாக அடைத்தேன். அப்படி அடைத்ததுதான் இந்த டப்பாவின் ஆயுளைப் பாதியாகக் குறைத்தது என்பதைத் துருத்தண்ணீர் படியில் ஓடியபோதுதான் உணர்ந்தேன். இதைப் படிப்பவர்களில் யாராவது அந்தத் துளையைப் பார்த்துப் பசை தேடினால், தயவுசெய்து நிறுத்திக்கொள்ளுங்கள். அது அங்கே இருக்க வேண்டிய துளை.

டப்பாவில் கோளாறு என்பதை முதலில் காதுதான் சொன்னது. தெருமுனையில் திரும்பும்போதே கார் வருகிறது என்று வீட்டுக்குள் இருப்பவர்களுக்குத் தெரிந்தது. பக்கத்துத் தெருவில் நாற்பது வருடம் பட்டறை வைத்திருந்து இப்போது ஓய்விலிருக்கும் அண்ணாச்சி ஒருவர், கார் கடந்து போகும்போது கேட்ட சத்தத்திலேயே சொல்லிவிட்டார்: “டப்பா போச்சு தம்பி. வெளிய பாத்தா நல்லாத்தான் இருக்கும். உள்ள இருந்து அரிச்சிருக்கும், கழத்துனா தெரியும் பாருங்க.”

சத்தத்தைக்கூடச் சகித்துக்கொள்ளலாம். புகைக்குழாயில் விழுந்த ஓட்டையைத் தள்ளிப்போடக் கூடாது என்பதற்குக் காரணம் வேறு. வெளியேறும் வாயுவில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. நிறமில்லை, மணமில்லை. நம் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின், ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு இதைப் பற்றிக்கொள்ளும். பற்றியதை எளிதில் விடாது. தலைவலி, குமட்டல், தூக்கக் கலக்கம் என்று வருவதால் வெயில் அசதி என்று நினைத்துக்கொண்டு படுத்துவிடுவோம். கார் ஓடும்போது அதன் பின்புறத்தில் காற்றழுத்தம் சற்றுக் குறைவதால், அடியில் கசியும் வாயு அங்கே சுழன்று, திறந்த பின் கண்ணாடி வழியாகவோ டிக்கிக் கதவின் தேய்ந்த ரப்பர் வழியாகவோ உள்ளே வரலாம். நிறுத்திய காரில் ஏசி போட்டுக்கொண்டு தூங்கியவர்கள் எழுந்திருக்கவே இல்லை என்ற செய்தியை நாம் அவ்வப்போது படிக்கிறோம். கசிகிற புகைக்குழாய் உள்ள காரில் குழந்தையை உட்கார வைத்து இன்ஜினை ஓடவிட்டுக் கடைக்குள் போகாதீர்கள். மூடிய ஷெட்டுக்குள் எந்தக் காரையும், நல்ல காரையும்கூட, ஓடவிடாதீர்கள்.

நல்ல காரையும் என்று சொல்லக் காரணம் உண்டு. குழாயின் முன்பகுதியில், இன்ஜினுக்கு அருகே, கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இருக்கிறது. தேனடை போன்ற பீங்கான் கட்டி. அதன் நுண்ணறைச் சுவர்களில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் மெல்லப் பூசியிருக்கும். கார்பன் மோனாக்சைடை கார்பன் டை ஆக்சைடாகவும், எரியாமல் தப்பிய பெட்ரோலைத் தண்ணீராகவும் கார்பன் டை ஆக்சைடாகவும், நைட்ரஜன் ஆக்சைடுகளை மறுபடி நைட்ரஜனாகவும் மாற்றுவது அதன் வேலை. ஆனால் சுமார் 250, 300 டிகிரிக்கு மேல் சூடானால்தான் அந்த வேலை தொடங்கும். குளிர்ந்த காரை எழுப்பும் முதல் நிமிடங்களில் நஞ்சு நஞ்சாகவே வெளியே வருகிறது. பிரான்சில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய யூஜின் ஹூட்ரி என்ற பொறியாளர் 1950களிலேயே கார்களுக்கான கன்வெர்ட்டரை உருவாக்கினார். அன்றைய பெட்ரோலில் கலந்திருந்த ஈயம் அந்த உலோகப் பூச்சின் மேல் படிந்து அதைச் செயலிழக்கச் செய்ததால், 1975ஆம் ஆண்டு மாடல் கார்கள் வரும்வரை அமெரிக்கச் சாலைகளில் அது பரவலாகவில்லை. இந்தியாவில் 1995இல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் கன்வெர்ட்டரும் ஈயமில்லாப் பெட்ரோலும் கைகோர்த்து வந்தன. 2000ஆம் ஆண்டில் நாடு முழுவதும் ஈயம் விலகியது. நம் குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் குறைந்ததற்கு இந்தத் தேனடைக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

கன்வெர்ட்டரின் முன்னே குழாயில் ஆக்சிஜன் சென்சார் ஒன்று செருகியிருக்கும். ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் 14.7 பங்கு காற்று என்ற விகிதம் சரியாக இருக்கிறதா என்று அது ஓயாமல் முகர்ந்து பார்க்கிறது. அந்த இடத்துக்கு அருகே குழாயில் கசிவு இருந்தால் சிக்கல் பெரிது. வாயு துடிப்புத் துடிப்பாகப் போவதால், இரண்டு துடிப்புக்கு நடுவே ஒரு கணம் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறையும். அப்போது ஓட்டை வழியாக வெளிக்காற்று உள்ளே இழுபடும். சென்சார் அந்த ஆக்சிஜனைப் பார்த்து, பெட்ரோல் போதவில்லை என்று இன்ஜினுக்குச் சொல்லும். இன்ஜின் வீணாகக் குடிக்கும், கன்வெர்ட்டர் கெடும். அதனால் முன்பகுதி வேலையை நான் வீட்டில் தொடுவதில்லை. பின் டப்பாவோ சென்சாருக்கும் கன்வெர்ட்டருக்கும் அப்பால், வால் பக்கம் இருக்கிறது. இரண்டு போல்ட்டு, மூன்று ரப்பர். கையில் கருவியும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் இருப்பவர் செய்யக்கூடிய வேலை.

சனிக்கிழமை மாலையே இரண்டு போல்ட்டிலும் துரு இளக்கும் எண்ணெயை அடித்து வைத்தேன். இதில் பொறுமைதான் பாதி வேலை. இரும்பு துருவாகும்போது அதன் கன அளவு இரண்டு மடங்குக்கும் மேல் பெருக்கிறது. போல்ட்டின் மரைக்கும் நட்டின் மரைக்கும் இடையே முடி அளவு இடைவெளியில் அப்படிப் பெருத்த துரு ஆப்பு அடித்தது போல இறுகி நிற்கும். மெல்லிய எண்ணெய் அந்த இடைவெளிக்குள் தானாக ஏறும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிற அதே நுண்புழை விசை. இடைவெளி எவ்வளவு குறுகலோ அவ்வளவு வலுவாக இழுக்கும், ஆனால் அவ்வளவு மெதுவாகவும் போகும். பத்து நிமிடத்தில் ஸ்பேனரைப் போடுகிறவர்கள் போல்ட்டை முறிப்பார்கள். பட்டறையில் நெருப்பு காட்டுவார்கள்: நட்டு சூடாகி விரியும்போது அதன் நடுத் துளையும் சேர்ந்தே பெரிதாகிறது, துருவும் நொறுங்குகிறது. வீட்டில் அது கூடவே கூடாது. கைக்கெட்டும் தூரத்தில் பெட்ரோல் டேங்க் இருக்கிறது.

ஞாயிறு காலை சமதளமான சிமெண்டுத் தரையில் காரை நிறுத்தி, முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்புறத்தை ஜாக்கியால் தூக்கி, இரண்டு பக்கமும் இரும்பு ஸ்டாண்டில் இறக்கினேன். ஜாக்கி தூக்குவதற்கு, தாங்குவதற்கு அல்ல. எண்ணெய் ஜாக்கியில் ஒரு சிறிய ரப்பர் வளையம் பிய்ந்தால் போதும், கார் இறங்கிவிடும். செங்கல், ஹாலோ பிளாக் அடுக்குவதும் தவறு. இரும்பு வளைந்து எச்சரிக்கும். செங்கல் எச்சரிக்காமல் நொறுங்கும். எங்கள் கார் மிகச் சிறியதுதான், அப்படியும் 700 கிலோவுக்கு மேல். உள்ளே படுப்பதற்கு முன் காரைக் கையால் நன்றாக உலுக்கிப் பார்த்தேன். மகளிடம் கண்டிப்பாகச் சொன்னேன், அவள் அடியில் வரக் கூடாது என்று. கண்ணாடி போட்டுக்கொண்டேன், துரு கண்ணில்தான் முதலில் விழும்.

முதல் போல்ட்டு நகர்ந்தது. கழற்றும் திசையில் நேராகத் திருகாமல், முதலில் இறுக்கும் திசையில் ஒரு மயிரிழை. டக் என்று துரு உடையும் சத்தம் கேட்டதும் எதிர்த்திசையில். பிறகு மீண்டும் எண்ணெய், மீண்டும் முன்னும் பின்னும். இரண்டாவது போல்ட்டு கொடுத்த பாடு அதிகம். 12ஆம் நம்பர் சாக்கெட்டு போட்டால் சுற்றிச் சுற்றி வந்தது. துரு தின்று தலை சிறுத்திருந்தது. 11ஐச் சுத்தியலால் தட்டி ஏற்றிப் பார்த்தேன். அப்போதும் தலை வழுக்கியது.

“அண்ணாச்சியைக் கூப்பிடட்டுமாப்பா?”

அவரே வந்துவிட்டார். குனிந்து ஒரு பார்வை பார்த்தார். “அதோட மல்லுக்கட்டாதீங்க தம்பி. புதுசு பத்து ரூவா. பிளேடு போட்டு அறுத்து எடுங்க.” ஹேக்சா பிளேடு ஒன்றின் முனையில் துணி சுற்றிப் பிடித்துக்கொண்டு, குழாய் இணைப்பின் தட்டுக்கும் நட்டுக்கும் நடுவே இருபது நிமிடம் அறுத்தேன். அறுத்து முடிந்த போல்ட்டின் வெட்டுமுகத்தை மகள் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். நடுவே வெள்ளி போல் மின்னும் இரும்பு, சுற்றிலும் காபித்தூள் நிறத்தில் துருவளையம். எட்டு மில்லிமீட்டர் போல்ட்டில் நல்ல இரும்பு என்று மிஞ்சியிருந்தது ஆறுக்கும் குறைவு.

ரப்பர் வளையங்களைக் கழற்றச் சோப்புத் தண்ணீர் தடவினோம். எண்ணெய் தடவினால் வழுக்கும்தான்; ஆனால் இந்த இடத்தில் போடும் ரப்பர் வகைகள் பலவும் மினரல் எண்ணெய் பட்டால் ஊறிப் பெருத்துத் தளர்ந்துவிடும். அந்த ரப்பர்கள் எதற்கு, நேராக போல்ட்டு போட்டு முறுக்கினால் என்ன என்று மகள் கேட்டாள். இரண்டு மீட்டர் இரும்புக் குழாய் 300 டிகிரி சூடேறினால் 7 மில்லிமீட்டர் நீளும். இரண்டு முனையும் விறைப்பாகக் கட்டியிருந்தால் எங்காவது வெடித்தாக வேண்டும். போதாததற்கு, ஆக்சிலேட்டரை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் இன்ஜின் தன் இருக்கையில் அசைகிறது. குழாயும் கூடவே அசைகிறது. தொட்டில் போலத் தொங்கினால்தான் அது பிழைக்கும்.

டப்பா வெளியே வந்தது, தண்ணீர் கொட்டியது. அண்ணாச்சி சொன்னது சரி. மேல்பக்கப் பூச்சு பெரும்பாலும் அப்படியே இருந்தது. எங்கள் ஊரின் உப்புக் காற்று ஜன்னல் கம்பியைத் தின்கிற வேகத்துக்கு வெளிப்புறம்தான் முதலில் போயிருக்க வேண்டும். உப்பிலுள்ள குளோரைடு இரும்பின் மேல் எந்தக் காப்புப் படலத்தையும் நிலைக்க விடாது. இருந்தும் இந்த டப்பாவைத் தின்றது உள்ளே பிறந்த தண்ணீர்தான். விரலால் அழுத்தியபோது அடிப்பக்கம் அப்பளம் போல உள்வாங்கியது.

பழைய டப்பாவை எடைக்குப் போடுவதற்கு முன் அறுத்துத் திறந்து பார்த்தோம். அந்த ஒரு மணி நேரம் அன்றைய நாளிலேயே எனக்கு மிகப் பிடித்த நேரம்.

சைலன்சர் எப்படிச் சத்தத்தைக் குறைக்கிறது? பஞ்சு வைத்து அடைத்திருப்பார்கள் என்று மகள் நினைத்திருந்தாள். உள்ளே இருந்தவை மூன்று அறைகள். நடுவே இரண்டு இரும்புத் தடுப்புகள். உள்ளே வரும் குழாயும் வெளியே போகும் குழாயும் ஒன்றையொன்று தொடவே இல்லை. ஒவ்வொன்றும் வேறு அறையில் முடிந்தது. குழாய்களின் உடலெங்கும் மிளகு அளவுத் துளைகள். ஒரு குழாய் எங்கும் போகாமல் மூலை அறைக்குள் மட்டும் வாய் திறந்து நின்றது.

எங்கள் காரின் இன்ஜின் மூன்று சிலிண்டர். ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெடிக்கும். நிமிடத்துக்கு 3000 சுற்று என்றால் நொடிக்கு 75 வெடிப்பு. வெடித்து முடிந்து வால்வு திறக்கிற கணத்தில் உள்ளே அழுத்தம் வெளிக்காற்றைப் போலப் பல மடங்கு. அது குபீரென்று குழாயில் பாய்கிறது. அந்த அழுத்த அலைதான் சத்தம். வாயு மெதுவாகப் போக வேண்டும் என்பதில்லை. அதன் மேல் ஏறி வரும் அலை கரைய வேண்டும். ஓட்டத்தைத் தடுக்காமல் அலையை மட்டும் பிடிக்க வேண்டும் என்பதுதான் சைலன்சர் செய்பவருக்கு முன்னே உள்ள கேள்வி. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ரீவ்ஸ் சகோதரர்கள் இதற்கு 1897இலேயே காப்புரிமை எடுத்தார்கள். அதற்குப் பிறகு எத்தனையோ பேர் எத்தனையோ விதமாகத் தடுப்புகளை அடுக்கிப் பார்த்திருக்கிறார்கள்.

வாய்க்காலில் வரும் நீரலை கோரம்பள்ளம் குளத்தில் வந்து விழுகிற இடத்தைப் பார்த்திருப்பவர்களுக்கு இது எளிதில் புரியும். குறுகலிலிருந்து திடீரென்று விரிவுக்கு வரும் அலை முழுதாக முன்னே போவதில்லை. ஒரு பகுதி திரும்பி வந்த வழியே ஓடுகிறது. நான் அளந்து பார்த்ததில், டப்பாவின் குறுக்குப் பரப்பு குழாயின் பரப்பைப் போல சுமார் 16 மடங்கு. அவ்வளவு விரிவைச் சந்திக்கும் அலையின் பெரும்பகுதி திரும்பி ஓடுகிறது. அப்படித் திரும்பும்போது தலைகீழாகவும் மாறுகிறது: அழுத்தம் மிகுந்து வந்தது அழுத்தம் குறைந்து போகிறது. அறையின் மறுமுனையிலும் இப்படி மோதித் திரும்புகிற அலைகள் ஒன்றோடொன்று சேர்ந்து கழிந்துவிடுகின்றன. சுத்தமாக அணையாமல் தப்பியது அடுத்த அறையில் மீண்டும் அதே சோதனைக்கு உள்ளாகிறது. மிளகுத் துளைகளின் வழியே நுழைந்து நுழைந்து போகும் காற்று உரசலால் மீதியையும் சூடாக்கிக் கரைக்கிறது.

மூலை அறைக்குள் வாய் திறந்து நின்ற அந்த ஒற்றைக் குழாய்? மகளை உள்ளே அனுப்பி, காலி பன்னீர் சோடா பாட்டிலை எடுத்துவரச் சொன்னேன். வாயில் வைத்து ஊதினாள். ‘பூம்’ என்று ஒரே சுரம். பாதி தண்ணீர் நிரப்பி ஊதினாள், சுரம் ஏறியது. பாட்டிலின் கழுத்திலுள்ள காற்று எடை போலவும், வயிற்றிலுள்ள காற்று வில்சுருள் போலவும் நடந்துகொள்கின்றன. இரண்டும் சேர்ந்து ஒரே ஒரு அதிர்வெண்ணில்தான் ஆடும். இதை 19ஆம் நூற்றாண்டில் கணக்கிட்டுக் காட்டியவர் ஜெர்மானிய அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ். டப்பாவின் மூலையில் இருந்ததும் அதே பாட்டில்தான். இன்ஜினின் முரட்டு உறுமலில் எந்தச் சுரம் காதைத் தொந்தரவு செய்யுமோ, அந்தச் சுரத்துக்கு ஏற்ப அறையின் கொள்ளளவும் குழாயின் நீளமும் அமைத்திருப்பார்கள். அந்தச் சுரம் வரும்போது பாட்டில் எதிர்த்து ஆடி அதை விழுங்கிவிடும்.

தாழ்ந்த சத்தத்தைப் பிடிப்பதுதான் கடினம். 300 டிகிரி சூட்டில் ஒலி நொடிக்கு 480 மீட்டர் வேகத்தில் போகும். 75 அதிர்வுள்ள அலையின் நீளம் அங்கே ஆறு மீட்டரைத் தாண்டும். எங்கள் காரின் நீளமே அவ்வளவு இல்லை. அரை மீட்டர் டப்பாவுக்குள் அந்த அலையை அடக்குவதற்குத்தான் இத்தனை அறை, இத்தனை குழாய். எங்கள் டப்பாவில் அடித்தட்டும் இரண்டு தடுப்புகளின் கீழ்ப்பாதியும் கரைந்து போயிருந்தன. அறைகள் மூன்றும் ஒன்றாகிவிட்டன, பாட்டில் உடைந்துவிட்டது. தெருமுனையில் கேட்ட ‘டப டப’ சத்தத்தின் காரணம் எங்கள் கண் முன்னே கிடந்தது. மகள் அதைப் போனில் படம் பிடித்துக்கொண்டாள், பள்ளியில் காட்ட.

புது டப்பா மாட்டுவது பெரிய வேலையாக இல்லை. உடம்பில் அலுமினியம் பூசிய எஃகு. அலுமினிய ஆக்சைடு கெட்டியான படலமாக நின்று இரும்பைக் காக்கும். 11 விழுக்காட்டை ஒட்டிக் குரோமியம் கலந்த எஃகிலும் டப்பாக்கள் வருகின்றன. அவை இன்னும் நாள் தாங்கும், விலையும் அதற்கேற்ப. இணைப்பில் புது கேஸ்கெட்டு. பழையதைத் திரும்பப் போடக் கூடாது. ஒருமுறை நசுங்கிய கேஸ்கெட்டு மறுமுறை நசுங்கி அடைக்காது. முதலில் மூன்று ரப்பரிலும் டப்பாவைத் தொங்கவிட்டோம். பிறகு போல்ட்டுகளை விரலால் மட்டும் ஏற்றி, குழாய் எங்கும் அடித்தட்டில் உரசாமல் நடுவில் தொங்குகிறதா என்று பார்த்து, அதன் பின்பே மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். மரையில் தாமிரத் தூள் கலந்த கிரீஸ் தடவினேன். அடுத்தமுறை கழற்றுகிறவருக்கு, அது நானாக இருந்தாலும் வேறு யாராக இருந்தாலும், ஹேக்சா வேண்டியிருக்காது.

காரை இறக்கி, வெட்டவெளியில் ஸ்டார்ட் செய்து, இணைப்பைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் ஊற்றினோம். குமிழி வரவில்லை. குழாய் சூடாவதற்கு முன்பே இந்தச் சோதனையை முடித்துவிட வேண்டும். சற்று நேரத்தில் டப்பாவின் மேலிருந்து மெல்லிய புகை எழுந்தது. தொழிற்சாலையில் பூசிய எண்ணெய் எரிகிறது, பயப்பட ஒன்றுமில்லை. புகைக்குழாயின் வாயில் தண்ணீர் சொட்டத் தொடங்கியது.

“சொட்டுதுப்பா!”

“சொட்டட்டும்மா. அது நல்லதுதான்.”

எந்தச் சொட்டு நல்லது, எந்தச் சொட்டு கெட்டது என்பதையும் அவளுக்குச் சொன்னேன். காலையில் கொஞ்ச நேரம் சொட்டி, வண்டி சூடானதும் நின்றுவிட்டால் அது பெட்ரோலில் பிறந்த தண்ணீர். சூடான பிறகும் விடாமல் வெள்ளைப் புகை வந்து, இனிப்பு வாடை அடித்து, ரேடியேட்டரில் கூலன்ட் குறைந்துகொண்டே வந்தால், இன்ஜினின் ஹெட் கேஸ்கெட்டு போயிருக்கலாம். உடனே பட்டறைக்குப் போக வேண்டும்.

மாலையில் குடும்பமாகத் திருச்செந்தூர் கிளம்பினோம். 40 கிலோமீட்டர் போய், 40 கிலோமீட்டர் திரும்பி. வீடு வந்ததும் குனிந்து பார்த்தேன். டப்பாவுக்கு அருகே கையைக் கொண்டுபோக முடியாத சூடு. அடியிலிருந்த வடிதுளை உலர்ந்து, வெளிறிப்போய் இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை, பள்ளிக்குப் போய்வந்த காரை நிறுத்திவிட்டு மறுபடி குனிந்தேன். துளையின் விளிம்பில் ஒரு சொட்டு திரண்டு, விழலாமா வேண்டாமா என்று நின்றது. கொஞ்ச நேரத்தில் விழுந்தது. சிமெண்டுத் தரையில் காசு அளவில் ஓர் ஈரம்.